'பிளசென்ட்டா கிரேடு 3' என்றால் பயப்பட வேண்டுமா? நஞ்சுக்கொடிக்கு வயதாவது பற்றி ஸ்கேன் ரிப்போர்ட் சொல்லாதவை

36-வது வார ஸ்கேன் முடிந்து வெளியே வருகிறார் ஒரு கர்ப்பிணி. டாக்டரைப் பார்க்க டோக்கன் நம்பர் வர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். கையில் ரிப்போர்ட். குழந்தையின் எடை, தலைச் சுற்றளவு, பனிக்குட நீர் அளவு எல்லாவற்றையும் தாண்டி ஒரு வரி: 'பிளசென்ட்டா, கிரேடு 3 மெச்சூரிட்டி'. கணவர் போனை எடுத்து கூகுள் பண்ணுகிறார். முதிர்ந்த நஞ்சுக்கொடி, கால்சியம் படிவு, குழந்தை இறப்பு என்று வரிசையாக வந்து விழுகிறது. டோக்கன் வருவதற்குள் அம்மா, மாமியார், சித்தி என எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் போட்டோ போய்விடுகிறது. "மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்கு, இது மட்டும் ஏன் மூணுன்னு போட்டிருக்கு?"

இந்த 3 வந்த கதையைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பயம் போகக் கூடாது. அது வேறு இடத்தில் இருக்க வேண்டிய பயம்.

அந்த 3 எங்கிருந்து வந்தது?

1979-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிரானம் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் இந்த கிரேடு முறையை வெளியிட்டார்கள். அவர்கள் தேடியது நஞ்சுக்கொடியின் நோயை அல்ல. குழந்தையின் நுரையீரல் முதிர்ந்துவிட்டதா என்பதை. முன்கூட்டியே பிரசவம் பார்க்க வேண்டியிருந்தால் குழந்தையால் மூச்சுவிட முடியுமா என்று தெரிய வேண்டும். அதற்கு அப்போது இருந்த வழி, வயிற்றில் ஊசி செலுத்திப் பனிக்குட நீரை எடுத்துச் சோதிப்பது. ஸ்கேனில் நஞ்சுக்கொடியைப் பார்த்தே இதைச் சொல்லிவிட முடியாதா என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

நஞ்சுக்கொடி வழவழவென்று ஒரே சீராகத் தெரிந்தால் கிரேடு 0. கால்சியம் படிந்து, வெள்ளைக் கோடுகளால் அறை அறையாகப் பிரிந்து தெரிந்தால் கிரேடு 3. கிரேடு 3 வந்துவிட்டால் நுரையீரல் தயார் என்று முதலில் நம்பினார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் அந்த நம்பிக்கை நிற்கவில்லை. ஆனால் எண் மட்டும் ரிப்போர்ட்டை விட்டுப் போகவில்லை. வேலை போன பிறகும் தினமும் ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்திருக்கும் ஊழியர் மாதிரி அது அங்கேயே இருக்கிறது.

37 வாரத்துக்கு மேல் கிரேடு 3 என்பது சர்வ சாதாரணம். ஒரே நஞ்சுக்கொடியை இரண்டு பேர் ஸ்கேன் செய்தால் ஒருவர் 2 என்றும் மற்றவர் 3 என்றும் போடுவதுண்டு. அறுபது வயதில் தலை நரைப்பதோடு இதை ஒப்பிடலாம். நரை இருக்கிறது என்பதால் இதயம் ஒழுங்காகத் துடிக்கவில்லை என்று ஆகிவிடாது. இளநரைதான் யோசிக்க வைக்கும். 34 வாரத்துக்கு முன்பே கிரேடு 3 தெரிந்தால், தாய்க்கு ரத்த அழுத்தம் இருக்கிறதா, புகையிலைப் பழக்கமோ பக்கத்தில் புகைப்பவர்களோ உண்டா, குழந்தையின் வளர்ச்சி எப்படி என்று டாக்டர் கூடுதலாகப் பார்ப்பார். அப்போதும் முடிவை எடுக்க வைப்பது அந்த எண் அல்ல. அதற்குப் பிறகு செய்யும் பரிசோதனைகள்.

இன்னொரு விஷயம். 'கால்சியம் படிவு' என்று படித்ததும் கால்சியம் மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். மாத்திரையில் போகும் கால்சியம் நேராகப் போய் நஞ்சுக்கொடியில் உட்கார்ந்துவிடும் என்று ஒரு கணக்கு. அப்படி இல்லை. உணவில் கால்சியம் குறைவாகக் கிடைக்கும் பெண்களுக்கு, கர்ப்பகால ரத்த அழுத்தப் பிரச்சினையைத் தடுப்பதற்காகவே கால்சியம் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். டாக்டர் சொல்லாமல் அதை நிறுத்தக் கூடாது.

அப்படியானால் வயதாவது எது?

நஞ்சுக்கொடி ஓர் உறுப்பு. கருவோடு சேர்ந்து உருவாகி, ஒன்பது மாதம் வேலை பார்த்து, குழந்தை பிறந்த அரை மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடும். நிறைமாதத்தில் சுமார் அரை கிலோ எடை. பெயரிலேயே நஞ்சை வைத்துவிட்டோம், ஆனால் அது செய்யும் வேலையைப் பார்த்தால் அந்தப் பெயர் கொஞ்சம் அநியாயம். குழந்தைக்கு அதுதான் நுரையீரல், அதுதான் சிறுநீரகம், அதுதான் குடல். ஹார்மோன்களையும் அதுவே சுரக்கிறது.

அதற்குள் மரக்கிளை போல் பிரிந்து பிரிந்து போகும் நுண்விழுதுகள் தாயின் ரத்தத்தில் நனைந்தபடி இருக்கும். எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் 10 முதல் 12 சதுர மீட்டர் வரும். ஒரு சிறிய படுக்கையறை அளவு. இந்தப் பரப்பு முழுவதையும் மூடியிருப்பது ஒரே தொடர்ச்சியான படலம். தனித்தனி செல்கள் ஒன்றோடொன்று கரைந்து இணைந்து இது உருவாகிறது. அந்த இணைப்பைச் செய்யும் புரதம் வைரஸ் வழி வந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதைகளைத் தொற்றிய ஒரு வைரஸின் மரபணு, இன்று நஞ்சுக்கொடியைக் கட்டிக்கொண்டிருக்கிறது.

இணைந்த செல்கள் அதன் பிறகு பிரிந்து பெருகுவதில்லை. அடியிலிருந்து புதுச் செல்கள் வந்து சேர்ந்தால்தான் படலம் புதுப்பிக்கப்படும். அதாவது, தொடக்கம் முதலே இது முதுமையை நோக்கி நகரும் ஒரு திசு.

செல் முதுமை பற்றிப் பேசினாலே டெலோமியர் வந்துவிடும். குரோமோசோமின் நுனியில் இருக்கும் பாதுகாப்புத் தொப்பி அது. ஷூ லேஸின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் மாதிரி. தேயத் தேய செல்லுக்கு வயதாகிறது. இதைக் கண்டறிந்ததற்குத்தான் எலிசபெத் பிளாக்பர்ன், கேரல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் மூவருக்கும் 2009-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் நஞ்சுக்கொடியில் இந்தத் தொப்பிகள் குட்டையாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

2017-ல் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஜர் ஸ்மித்தின் குழு ஒரு படி மேலே போனது. குறித்த நேரத்தில் பிறந்த குழந்தைகள், 41 வாரம் கடந்து பிறந்தவை, வயிற்றிலேயே இறந்தவை என மூன்று வகை நஞ்சுக்கொடிகளையும் ஒப்பிட்டார்கள். கடைசி இரண்டும் ஒன்றுபோல இருந்தன. மரபணுப் பொருளிலும் கொழுப்பிலும் ஆக்ஸிஜனேற்ற சேதம், செல்லின் குப்பை அகற்றும் அமைப்பில் கோளாறு. முதியவர்களின் திசுக்களில் காணப்படும் அதே அடையாளங்கள். ஆல்டிஹைடு ஆக்ஸிடேஸ் என்ற நொதியைத் தடுத்தபோது ஆய்வகத்தில் அந்த சேதம் குறைந்தது. இதிலிருந்து மருந்து வருமா என்பது பிறகு பார்க்க வேண்டிய கதை. இன்றைக்கு மெடிக்கல் ஷாப்பில் 'நஞ்சுக்கொடி முதுமையைத் தடுக்கும்' என்று யாராவது எதையாவது விற்றால் நம்ப வேண்டாம்.

எல்லோரும் இதை ஒப்புக்கொண்டதும் இல்லை. பிரிட்டனைச் சேர்ந்த நஞ்சுக்கொடி நோயியல் நிபுணர் ஹெரால்ட் ஃபாக்ஸ், ஆரோக்கியமான நஞ்சுக்கொடி கடைசி வரை வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது, அதை முதுமை என்று சொல்வது தவறு என்று 1997-லேயே எழுதினார். ஆனால் இரு தரப்பும் ஒரு விஷயத்தில் முரண்படவில்லை. சில நஞ்சுக்கொடிகள் தங்கள் வேலையை முடிக்கும் முன்பே களைத்துவிடுகின்றன.

சீக்கிரம் களைத்தால் என்ன ஆகும்?

குழந்தைக்கு சாப்பாடும் ஆக்ஸிஜனும் குறையும். 'வெயிட் ஏறலை', 'தண்ணி கம்மியா இருக்கு' என்று ஸ்கேனில் சொல்வதன் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான். "அவ ஒழுங்காச் சாப்பிடலை" என்று பெண்ணைக் குற்றம் சொல்வதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். சாப்பாடு தாயின் ரத்தம் வரை வந்துவிட்டது. அங்கிருந்து உள்ளே போகும் வாசல்தான் குறுகிவிட்டது.

தாய்க்கு வருவது ப்ரீ-எக்லாம்ப்சியா. 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போய், கல்லீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கக்கூடிய பிரச்சினை. வலிப்பு வந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. சீக்கிரமே வரும் வகையில், கர்ப்பப்பையின் ரத்தக்குழாய்கள் தொடக்கத்திலேயே சரியாக விரியாமல் போயிருக்கும். கடைசி வாரங்களில் வரும் வகைக்கு ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ் ரெட்மன் சொன்ன விளக்கம் வேறு: நஞ்சுக்கொடி நன்றாகவே வளர்ந்து, இடம் போதாமல் நெருக்கடிக்கு ஆளாகி, முதிர்ந்து தடுமாறுகிறது. இரண்டிலும் திணறும் நஞ்சுக்கொடி தாயின் ரத்தத்தில் சில புரதங்களைக் கொட்டுகிறது. தாயின் ரத்தக்குழாய்களைக் கெடுப்பது அவைதான். அந்தப் புரதங்களின் விகிதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனைக்கு 2023-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. இந்த நோய்க்கு முழுத் தீர்வு என்றால் இன்றைக்கும் ஒன்றுதான்: நஞ்சுக்கொடி வெளியே வருவது.

தடுக்க ஒரு வழி இருக்கிறது, அதுவும் மலிவான வழி. ஆபத்து அதிகம் என்று கணிக்கப்பட்ட 1,776 பெண்களிடம் நடந்த 'ஆஸ்ப்ரே' ஆய்வின் முடிவு 2017-ல் வெளியானது. 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36 வாரம் வரை தினமும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின். 37 வாரத்துக்கு முன் பிரசவம் பார்க்க வைக்கும் ப்ரீ-எக்லாம்ப்சியா 62 சதவீதம் குறைந்தது. "இது ஹார்ட்டுக்குக் கொடுக்கிற மாத்திரை ஆச்சே" என்று மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டு வீட்டில் வாங்கி வைத்துவிடுவதால் இந்தப் பலன் பல பேருக்குக் கிடைக்காமல் போகிறது. தானாக வாங்கிப் போடும் மாத்திரை இல்லை இது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் பாதியில் விடக் கூடாத மாத்திரை.

41-வது வாரத்தில் காத்திருக்கலாமா?

"முதல் பிரசவம், கொஞ்சம் தள்ளித்தான் போகும். தானா வலி வரட்டும்." பெரியவர்கள் சொல்வதில் தப்பில்லை. 40 வாரத்தைத் தாண்டும் குழந்தைகளில் பெரும்பாலானவை நன்றாகவே பிறக்கின்றன. ஆனால் எவ்வளவு நாள் தாண்டலாம் என்பதற்கு ஸ்வீடனில் கிடைத்த பதில் கசப்பானது.

அங்கே 2,760 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு 41 வாரத்தில் மருந்து கொடுத்து வலி வரவைப்பது. மறு பாதிக்கு 42 வாரம் வரை காத்திருப்பது. காத்திருந்த குழுவில் ஆறு குழந்தைகள் இறந்தன. ஐந்து வயிற்றிலேயே, ஒன்று பிறந்த சில நாட்களில். முதல் குழுவில் ஓர் இறப்பு கூட இல்லை. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். சிசேரியன் எண்ணிக்கையிலும் இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. 2019-ல் வந்த முடிவு இது. 41 வாரம் நிறைந்தது உறுதியாகத் தெரிந்தால் வலி வரவைக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும்.

'உறுதியாகத் தெரிந்தால்' என்ற இடத்தில்தான் நம் ஊரில் பலருக்குச் சிக்கல். மாதவிடாய் தேதி நினைவில்லை, முதல் ஸ்கேனே ஐந்தாம் மாதத்தில் என்றால் 41 எது, 39 எது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன்தான் கணக்கைச் சரியாகக் காட்டும். அந்த ரிப்போர்ட்டைத்தான் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

மெல்போர்னிலிருந்து வந்த தகவல் ஒன்று நமக்கு இன்னும் நெருக்கமானது. விக்டோரியா மாநிலத்தின் பிரசவப் பதிவுகளை அலசிய ஆய்வாளர்கள், தெற்காசியாவில் பிறந்து அங்கே குடியேறிய பெண்களுக்கு, குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட முன்னதாகவே கூடுவதைக் கவனித்தார்கள். அங்கே பிறந்த பெண்களுக்கு 41 வாரத்தில் இருக்கும் ஆபத்து இவர்களுக்கு 39 வாரத்திலேயே வந்துவிடுகிறது. நஞ்சுக்கொடி சற்று வேகமாக முதிர்வது காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் அனுமானம். இதன் பிறகு மோனாஷ் ஹெல்த் மருத்துவமனைகளில், தெற்காசியாவில் பிறந்த பெண்களுக்கு 39 வாரத்திலிருந்தே குழந்தையின் நிலையைக் கண்காணிக்க ஆரம்பித்தார்கள். அது புலம்பெயர்ந்தவர்களின் தரவு. அப்படியே சென்னைக்கும் மதுரைக்கும் பொருத்திவிட முடியாது. ஆனால் ஆஸ்திரேலியாவில் இருக்கும் தமிழ்ப் பெண்கள் தங்கள் மருத்துவமனையில் கேட்க வேண்டிய கேள்வி இது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 'பிளசென்ட்டா முதிர்ந்துடுச்சு' என்ற ஒற்றை வரியைக் காரணமாக வைத்து 37, 38 வாரத்தில் அவசரமாக ஆபரேஷனுக்கு நாள் குறிப்பது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் சுமார் 45 சதவீதம் சிசேரியன். தேசிய அளவு 21.5 சதவீதம். வேறு பிரச்சினை எதுவும் இல்லாதபோது கிரேடு 3 மட்டுமே சிசேரியனுக்கான காரணம் ஆகாது. "டாக்டர், டாப்ளர் எப்படி இருக்கு? வளர்ச்சி எப்படி இருக்கு?" என்று கேட்பதற்குக் குடும்பத்துக்கு உரிமை இருக்கிறது. பதில் சொல்ல டாக்டருக்கு இரண்டு நிமிடம் போதும்.

எதைக் கவனிக்கணும்?

டாப்ளர் என்றால், தொப்புள்கொடி வழியாக ரத்தம் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்று பார்ப்பது. நஞ்சுக்கொடி களைத்திருந்தால் அங்கே எதிர்ப்பு கூடும். நிலைமை மோசமானால் இரண்டு துடிப்புக்கு நடுவில் ஓட்டம் நின்றுபோகும், அதையும் தாண்டினால் பின்னோக்கிப் போகும். கிரேடு நரையைக் காட்டுகிறது என்றால், டாப்ளர் நாடியைப் பார்க்கிறது. அதோடு குழந்தையின் எடை முந்தைய ஸ்கேனுக்கும் இதற்கும் நடுவில் சரியாக ஏறியிருக்கிறதா என்பதும் முக்கியம். ஒவ்வொரு செக்கப்பிலும் இன்ச் டேப்பால் வயிற்றை அளப்பதும், பி.பி. பார்ப்பதும் சம்பிரதாயம் இல்லை. நஞ்சுக்கொடியின் நலம் விசாரிக்கும் வேலைகள் அவை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குக் காசு கிடையாது.

ஆனால் ஸ்கேனுக்கும் ஸ்கேனுக்கும் நடுவில் கண்காணிக்கக் கூடியவர் தாய் மட்டும்தான். குழந்தையின் அசைவு குறைவது, நஞ்சுக்கொடி திணறுவதன் வெளியே தெரியும் அடையாளமாக இருக்கலாம். ஆக்ஸிஜன் குறையும்போது குழந்தை சக்தியை மிச்சம் பிடிக்கிறது. "மாசம் நிறைஞ்சா இடம் பத்தாது, அதான் அசையலை" என்று சொல்வது தவறு. அசைவின் விதம் மாறலாம்; அசைவு குறையக் கூடாது. "ஸ்வீட் சாப்பிடு, ஜூஸ் குடி, காலையில பார்த்துக்கலாம்" என்று ஓர் இரவைக் கடத்துவதுதான் பெரிய ஆபத்து. வழக்கத்தைவிடக் குறைவாக இருக்கிறது என்று தோன்றினால் அப்போதே, அது ராத்திரி இரண்டு மணியாக இருந்தாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். போய்ப் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று திரும்பி வந்தால் அது வீண் அலைச்சல் இல்லை. விடாத தலைவலி, கண் மங்குவது, மேல் வயிற்று வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது ஆகியவற்றுக்கும் இதேதான். வண்டி இல்லாவிட்டால் 108.

இறந்த பிறகாவது கேட்க வேண்டிய கேள்வி

ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி 2019-ல் உலகம் முழுவதும் சுமார் 20 லட்சம் குழந்தைகள், 28 வாரம் கடந்த பிறகு உயிரில்லாமல் பிறந்தன. நாடு வாரியாகப் பார்த்தால் அதிகம் இந்தியாவில், சுமார் 3.4 லட்சம். அந்த ஒவ்வொரு வீட்டிலும் காரணம் தேடியிருப்பார்கள். கிரகணத்தில் வெளியே போனாள், பப்பாளி சாப்பிட்டாள், கடைசி வரை ஸ்கூட்டி ஓட்டினாள், வேலையை விடவில்லை. விசாரணை எப்போதும் அந்தப் பெண்ணிடமே போய் நிற்கும்.

பதில் சொல்லக்கூடிய சாட்சி ஒன்று இருந்தது. அதை லேபர் வார்டின் மஞ்சள் பையில் போட்டு, மருத்துவக் கழிவோடு எரிக்க அனுப்பியிருப்பார்கள்.

நஞ்சுக்கொடியை நோயியல் பரிசோதனைக்கு அனுப்பினால் பல விஷயங்கள் தெரியவரும். ரத்த ஓட்டம் தடைபட்டு எந்தெந்தப் பகுதி செத்துப்போயிருந்தது, தொற்று இருந்ததா, முன்கூட்டியே பிரிந்து ரத்தம் கட்டியதா, வயதுக்கு மீறி முதிர்ந்திருந்ததா என்று பார்க்க முடியும். எல்லா இறப்புக்கும் விடை கிடைத்துவிடாது. ஆனால் கிடைக்கும் விடை அடுத்த கர்ப்பத்துக்கான திட்டமாக மாறும்: ஆஸ்பிரின் எப்போது தொடங்குவது, டாப்ளர் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை, எந்த வாரத்தில் பிரசவம் என்பது வரை. குழந்தை இறந்து பிறந்தால் நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்புவதை, அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்ற பேதமில்லாமல் வழக்கமான நடைமுறையாக்க வேண்டும். துக்கத்தில் இருக்கும் குடும்பம் கேட்டால்தான் செய்வது என்று இருக்கக் கூடாது. அதுவரை, கூட இருக்கும் யாராவது ஒருவர் லேபர் வார்டு நர்ஸிடம் இதைச் சீக்கிரம் சொல்ல வேண்டும். மஞ்சள் பை வார்டை விட்டுப் போய்விட்டால் திரும்பக் கிடைக்காது.